இரண்டாம் வேற்றுமை

புதன்கிழமைக் கிளினிக். எட்டாம் நம்பர் துண்டு.
ரிஸ்மியா மிஸ் மேசையில் இரண்டு படம் வைக்கிறார்.
ஒன்றில் நாய் ஆளைத் துரத்துகிறது,
மற்றதில் ஆள் நாயைத் துரத்துகிறார்.
'நாயை மாமா துரத்துறார். எது, காட்டுங்கோ?'
மகள் முதலாவதைத் தொடுகிறாள்,
சந்தேகமே இல்லாமல்.

எனக்கும் அதுதான் சரியெனப் பட்டது.
மின்சார சபையில் மீட்டர் வாசிப்பவன் நான்.
பதினொரு வருசமாய் உவர்மலை ஒழுங்கைகளில்
இந்தக் கதை ஒரு பக்கமாய்த்தான் ஓடியிருக்கிறது.

எண்சாத்திரம் பார்த்து நீட்டி வைத்த பெயர், சதுர்ஷிகா.
அவள் வாயில் அது சிக்கா.
ஐந்தரை வயது.
காதில் குறையில்லை, மெசின் வைத்துப் பார்த்தாயிற்று.
புதிர்ப்படம் பொருத்துவாள், என்னைவிடக் கெதியாய்.
சொல்லும் இருக்கிறது அவளிடம்,
ஒட்டுத்தான் இல்லை:
'அப்பா சைக்கிள் கடை பால்மா.'
அந்த நான்கையும் வீட்டில் நாங்கள்
கோத்து எடுத்துக்கொள்வோம்.
பள்ளிக்கூடத்தில் யார் கோப்பது?

'உங்கட குடும்பத்தில பிந்திக் கதைச்ச ஆக்கள்?'
ஒருவரும் இல்லை என்றேன்.
மிஸ் அதை எழுதவில்லை.
தாளைத் திருப்பி
ஆணுக்குப் பெட்டி, பெண்ணுக்கு வட்டம், நடுவே கோடுகள்.
ஒரு மரபணுவின் வேலை இல்லையாம் இது,
கனக்கச் சின்னச் சின்னதுகள் சேர்ந்து
தலைமுறைக்குத் தலைமுறை கைமாறி வருமாம்.
மூளைக்குள் சொல்லைச் சொல்லோடு கட்டும் பாதைகள்
வயிற்றில் இருக்கும்போதே
வேறு மாதிரிப் போடப்பட்டிருக்கலாமாம்.
அந்த 'லாம்'மை அழுத்திச் சொன்னார்.
'தாய் செய்ததாலயோ செய்யாததாலயோ வாறதில்ல.'

தாய்.
டிவியைப் போர்வையால் மூடி வைத்திருப்பவள்.
போனைக் காட்டிப் பிள்ளையைக் கெடுத்தாய் என்று
என் அக்காமார் சொன்னபோது
நான் சோறு பிசைந்துகொண்டிருந்தேன்.
கிரகணத்தன்று வெளியே போனாயா என்று கேட்டபோதும்.
காளி கோயிலுக்கு வெள்ளியில் நாக்குச் செய்து
சுகந்தினி தனியாகத்தான் கொண்டுபோனாள்.

பெட்டிகளைப் பார்க்கிறேன்.
மூன்றாவது, குகதாசன் அண்ணர்.
ஆறு வயதுவரை 'ம்' மட்டும்; பிறகும் அரைகுறை.
வாத்தியார் மொக்கன் என்றார், அதுவே நின்றுவிட்டது.
படகு எஞ்சினைக் கண்மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டுவார்.
பதில் பிந்துகிறவனுக்குச் சோதனைச்சாவடியில்
என்ன நடக்குமென்று அம்மாவுக்குத் தெரியும்.
அடையாள அட்டையோடு ஒரு துண்டு மடித்து வைத்திருந்தா,
தமிழிலும் சிங்களத்திலும்:
இவர் நல்லவர், கதை வராது.

பக்கத்துப் பெட்டி நான்.
போன் எடுக்குமுன் வசனத்தைப் பாடமாக்குபவன்.
கலியாணப் பேச்சில் 'அடக்கமான பெடியன்' எனப்பட்டவன்.
இலக்கம் எழுதினால் போதுமென்று
இந்த உத்தியோகத்தைத் தேடிப் பிடித்தவன்.
பேனையை வாங்கி
இரண்டையும் கறுப்பாக்கினேன்.
சிக்கா என் கையிலிருந்து அதைப் பறித்து
அடியிலிருந்த வட்டத்தைத் தீட்டினாள்,
கோட்டுக்கு வெளியிலும்.

பஸ் நிலையத்தில் வழக்கமான மான்கள்.
ஒன்று லஞ்ச் சீற்றை மென்றபடி நிமிர்ந்தது.
சுகந்தினியிடம் சொல்ல வேண்டியதை
வாய்க்குள் உருட்டிக்கொண்டிருந்தேன்.
என்ர பக்கத்தால வந்தது.
என்ர பக்கத்தாலதான் வந்தது.
என்ர பக்கத்தால வந்ததுதான்.
எங்கே வைப்பது அந்தத் 'தான்'ஐ?

'மான் அப்பா பார்' என்றாள்.
பிழை பிடிக்காதீங்கோ, முழுசாத் திருப்பிச் சொல்லுங்கோ,
நூறு தரமெண்டாலும், என்றிருந்தார் மிஸ்.
மானை அப்பாவா, மான் அப்பாவையா?
வாயைத் திறந்தேன்.
அது என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது,
கடைவாயில் பொலித்தீன் தொங்க.
நான் அதை.

'ஓம்' என்றேன்.
நிலாவெளி பஸ் போய்விட்டது.